பெயரறிதல் வேறு, ஆளறிதல் வேறு

மலர்க் குழுவினர் எம்மிடம் இலக்கியக் கட்டுரையொன்றையே எதிர்பார்த்தனர். இருபது ஆண்டுகளாக இக்கல்லூரியில் தமிழ் படிப்பித்துவரும் பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவர் கம்பனைப் பற்றியோ கச்சியப்பரைப் பற்றியோ எழுதுதலே முறையென அவர்கள் கருதியிருத்தல் கூடும். எனினும், இம்மலரை ஆக்கும் பணியினிடையே நிகழ்ந்த ஒன்று எம் நெஞ்சை விட்டகலாதிருத்தலானும், அதனையொட்டி ஆசிரியர் கூட்டத்தில் எழுந்த வாதம் இன்னும் முடிவுறாதிருத்தலானும், கணினி பற்றிய பொருளொன்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம். யாம் கணினித் துறையில் வல்லுநர் அல்லேம். மாணாக்கரைக் கேட்டும், கையேடுகளைப் படித்தும், நாமே இயக்கிப் பார்த்தும் அறிந்தவற்றையே கூறுகின்றோம்.

நிகழ்ந்தது இது. பழைய மாணவர் சிலர் அன்பளிப்புச் செய்த கணினியொன்று எமது ஆய்வுகூடத்திலே சேவையகமாக நிற்கின்றது. லினக்ஸ் முறைமையில் இயங்கும் அக்கணினியில் மாணாக்கர் பலர் ஒரே வேளையில், தத்தம் பெயரால் நுழைந்து பணிபுரிவர். கல்லூரியின் பழைய மலர்களைப் படமாக்கி, அப்படங்களிலுள்ள எழுத்துகளை ‘ரெஸறாக்ட்’ என்னும் எழுத்துணரி நிரலால் மீட்டெடுக்கும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒருநாள் மாலை நானூறு பக்கங்களை அந்நிரலிடம் கொடுத்து, யாம் வெளியேறிய பின்னும் அது தொடர்ந்து இயங்குமாறு கட்டளையிட்டு வீடு சென்றோம். மறுநாட் காலை, ஆய்வுகூடப் பொறுப்பை ஏற்றிருந்த உயர்தர வகுப்பு மாணவன் கணினி மிக மந்தமாயிருத்தலைக் கண்டான். இயங்கும் பணிகளைக் காட்டும் ‘ரொப்’ என்னும் நிரலைத் திறந்தான். முதல் வரியிலே அவன் முன்னொருபோதும் காணாத பெயரொன்று நின்றது. வெளியார் எவரோ களவாகப் புகுத்திய நிரலென்று எண்ணினான். அவனிடம் முழு அதிகாரமும் இருந்தது. ஒன்பதாம் இலக்கச் சமிக்ஞையை அனுப்பி அதனை அக்கணமே அழித்துவிட்டான்.

நண்பகலில் அவனே எம்மிடம் வந்தான். “சேர், அது உங்கட வேலை எண்டு எனக்குத் தெரியாது,” என்று கூறித் தலைகுனிந்து நின்றான். யாம் அவனைக் கடிந்திலோம். கல்லூரியின் கணினியைக் காத்தல் அவன் கடமை, அதனையே செய்தான். ஆயினும் ஓர் இரவின் பணி வீணாயிற்று. கண்முன் இயங்கும் ஒரு பணி எவருடையது, எதன்பொருட்டு இயங்குகின்றது என்று அறியும் வழியை யாம் எவரும் அவனுக்குக் கற்பித்திருக்கவில்லை. பிழை எம்முடையதேயாம்.

இனி, இப்பொருளின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை 1969ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துப் பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோரால் தொடங்கப்பெற்றது. அக்காலத்துக் கணினிகள் பெருவிலையின. ஆளுக்கொன்று கொடுத்தல் இயலாது. ஆதலின் ஒரு கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளுதலே அதன் அடிப்படையாயிற்று. பலர் பங்கிடுமிடத்தில் எவர் எதனைச் செய்கின்றார் என்று அறியும் தேவை எழுதல் இயல்பு. ‘பி.எஸ்.’ என்னும் கட்டளை 1970களின் முற்பகுதியிலேயே யூனிக்ஸில் இடம்பெற்றது அத்தேவை பற்றியேயாம். இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் செயன்முறை எனப்படும். செயன்முறைகளின் நிலையை வரிவரியாக எழுதிக்காட்டுவது அக்கட்டளையின் தொழில். 1984ஆம் ஆண்டில் ரொம் கிலியன் என்பார், செயன்முறைகளைக் கோப்புகள்போற் படிக்கத்தக்கனவாக்கும் ‘புரொக்’ என்னும் கோப்புறை முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அம்முறையைத் தழுவிக்கொண்டது. இன்று எம் ஆய்வுகூடத்தில் பி.எஸ்., ரொப் ஆகிய இரண்டும் செய்திகளைப் பெறுவது அக்கோப்புறையிலிருந்தேயாம்.

பி.எஸ். என்று வாளா கட்டளையிட்டால், எமது முனையத்தில் யாம் தொடக்கிய பணிகளை மாத்திரம் அது காட்டும். பிறருடையவற்றையும் காண வேண்டின் உரிய குறிகளைச் சேர்த்துக் கேட்டல் வேண்டும். அங்ஙனம் கேட்டால் ஒவ்வொரு செயன்முறைக்கும் உரிய பயனர் பெயர், செயன்முறை எண், அதனைப் பெற்ற தாய்ச் செயன்முறையின் எண், தொடங்கிய நேரம், முனையம், கட்டளை வரி ஆகிய யாவும் வெளிப்படும். இவற்றைக் காணும் உரிமை, பொதுவழக்கில், கணினியில் நுழைந்த எல்லார்க்கும் உண்டு. ஆனால் நிறுத்தும் உரிமை எல்லார்க்கும் இல்லை. ஒரு செயன்முறைக்குச் சமிக்ஞை அனுப்பத்தக்கவர், அதற்கு உடையவரும் ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனருமே. காட்சி பொதுவாகவும் ஆட்சி தனியாகவும் வகுக்கப்பட்ட இவ்வேற்பாட்டை யாம் மிக நல்லதென்றே கருதுகின்றோம்.

நிற்க. எமது நானூறு பக்கங்களுக்கு நேர்ந்ததை மீண்டும் நோக்குவாம். மாணவன் கண்டது ரொப் காட்டிய குறும்பெயரை மாத்திரமே. அந்நிரல் வழக்கமாக நிரற்பெயரை மட்டும் காட்டும். ‘சீ’ என்னும் விசையை ஒருமுறை அழுத்தியிருப்பின் கட்டளை வரி முழுவதையும் காட்டியிருக்கும். அவ்வரியிலே பழைய மலரின் பெயர் தாங்கிய கோப்புகள் இருந்தன. அன்றியும், எவரெவர் கணினியில் நுழைந்துள்ளனரென அவன் தேடியபோது எமது பெயர் அங்கே இல்லை. யாம் முன்னைநாள் மாலையே வெளியேறிவிட்டோம். செயன்முறைக்கு முனையமும் இல்லை; அவ்விடத்தில் ஒரு வினாக்குறி நின்றது. அதன் தாய் எண் 1 எனக் காணப்பட்டது. தாயை இழந்த செயன்முறைகளை முதலாம் எண்ணுடைய செயன்முறை தத்தெடுத்துக்கொள்ளும் என்பதை அறியாத சிறுவனுக்கு, ஆளில்லாமல், முனையமில்லாமல், முதல்வனின் பிள்ளையாகத் தானே ஓடும் ஒன்று பேயாகத் தோன்றியதில் வியப்பில்லை. எனினும் பயனர் பெயர் என்னும் நிரலில் எமது பெயர் தெளிவாக நின்றது. அதை அவன் பார்த்திலன்.

மற்றொன்று. கணினி மந்தமாயிற்று என்பதே குறையாயின், அதனைத் தீர்க்க அழித்தல் ஒன்றுதானா வழி? முந்துரிமையைக் குறைத்திருந்தால், எமது பணி மற்றையோர்க்கு வழிவிட்டு மெல்ல நடந்திருக்கும். நிறுத்தி வைக்கும் சமிக்ஞையை அனுப்பியிருந்தால், அது நின்ற இடத்தில் உறைந்து, பின்னர்த் தொடரும் சமிக்ஞை பெற்றதும் விட்ட இடத்திலிருந்து நடந்திருக்கும். ஒன்பதாம் சமிக்ஞையோ எதிர்மொழி கூற இடமளியாதது. அதனைப் பெறும் நிரல் கையிலுள்ளதை வைத்துவிட்டுச் செல்லவும் வாய்ப்பில்லை. பதினைந்தாம் சமிக்ஞை அத்தகையதன்று. ஒழுங்காக எழுதப்பட்ட நிரலாயின் அதனைப் பெற்றதும் தன் கோப்புகளை மூடி ஒழுங்குசெய்துகொண்டு விடைபெறும். கையேடுகளைப் படியாத பலரும் முதலாவதாகக் கற்பது ஒன்பதையே என்பது வருந்தத்தக்கது.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் நடந்த ஆசிரியர் கூட்டத்திலே நண்பரொருவர் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். ஒருவர் பணியை மற்றொருவர் காணாதவாறு மறைத்துவிடல் வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்குரிய வசதி இல்லாமலில்லை. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் 3.3 பதிப்பு முதலாகப் புரொக் கோப்புறையைப் பிறர்க்குப் புலப்படாவண்ணம் அமைத்தல் கூடும். பிறீபீஎஸ்டி முறைமையிலும் அத்தகைய ஏற்பாடொன்று உண்டு. 2005இல் வெளிவந்த சோலாரிஸ் 10 பதிப்பிலும் பிறர் செயன்முறைகளைக் காணும் உரிமையைத் தனியே நீக்கலாம். ஆதலின் நண்பர் கூறியது இயலாததன்று. ஆயினும் எம் ஆய்வுகூடத்துக்கு அது வேண்டப்படுவதன்று என்பது எமது துணிபு.

என்னை காரணம்? முதலாவதாக, அத்திருத்தம் நேர்ந்த பிழையைத் தடுத்திராது. மறைப்பு பொதுப் பயனர்க்கே. தலைமைப் பயனர்க்கு யாதொன்றும் மறைவதில்லை. எமது பணியை அழித்த மாணவன் தலைமை அதிகாரத்தோடு இயங்கியவன். அவன் கண்ணுக்குத் திரையில்லை. அவன் கண்டதை விளங்கிக்கொள்ளும் பயிற்சியே இருக்கவில்லை. இரண்டாவதாக, அத்திருத்தம் பிழையைத் திருத்தத்தக்க கண்களை மூடிவிடும். அன்று காலை ஆய்வுகூடத்தில் இருந்தோருள், பக்கங்களைப் படமாக்குவதில் எமக்குத் துணைநின்ற மாணவனும் ஒருவன். அவன் பட்டியலைப் பார்த்திருப்பானாயின், அது தமிழாசிரியரின் வேலையென்று ஒரு சொல்லிற் கூறியிருப்பான். பலர் காணும் முற்றத்தில் ஒருவர் பிழையை மற்றொருவர் தடுக்க வாய்ப்புண்டு. எல்லாக் கதவுகளையும் அடைத்த வீட்டில் திறப்புக் கோவையை வைத்திருப்பவன் ஒருவனே எல்லாவற்றுக்கும் நீதிபதியாவான்.

மூன்றாவது காரணம் ஆசிரியராகிய எமக்கு முதன்மையானது. பிறர் கட்டளைகளைக் கண்டு கற்கும் வழி அத்திருத்தத்தால் அடைபடும். முதல்வருட மாணவனொருவன் மூத்தோன் இயக்கும் நிரலின் கட்டளை வரியைக் கண்டு, இதன் பொருளென்ன அண்ணா என்று கேட்டறிவதை யாம் பலமுறை பார்த்திருக்கின்றோம். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளையின் ஏட்டை எட்டிப் பார்த்துக் கற்ற மரபு எம்முடையது. அதனைக் கணினியறையில் மாத்திரம் குற்றமாக்குதல் தகாது.

எனினும் நண்பரின் வாதத்தில் உண்மை இல்லையென்று கூறோம். கட்டளை வரியை எல்லாரும் காணலாம் என்பதன் பொருள், அதிலே எழுதப்படும் கடவுச்சொல்லையும் எல்லாரும் காணலாம் என்பதேயாம். தரவுத்தளத்தைத் திறக்கும் கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்தே எழுதிய மாணவர் எம்மிடத்தும் உளர். சில நிரல்கள் தொடங்கியவுடன் அச்சொல்லைத் தம் வரியிலிருந்து அழித்து எழுதுமெனினும், அதற்கு முன்னுள்ள சிறு பொழுதிலே காண்பவர் கண்டுவிடல் கூடும். கடவுச்சொல்லை உரிமை வரையறுத்த கோப்பொன்றில் வைத்தலோ, நிரல் கேட்கும்போது தட்டெழுதுதலோ முறை. மேலும், ஒருவரையொருவர் அறியாத வாடிக்கையாளர் பலர் பணங்கொடுத்துப் பங்கிடும் சேவையகங்களில் மறைத்தலே தக்கது. ஆண்டு அயலார் என்னும் உறவு இல்லை. எம் ஆய்வுகூடமோ அத்தகையதன்று. ஒரே மணியோசைக்கு எழுந்து நிற்கும் பிள்ளைகள் அங்கே பணிபுரிகின்றனர்.

ஆகவே மறைத்தல் வேண்டா. அறியக் கற்பித்தல் வேண்டும். எதனைக் கற்பித்தல் வேண்டும் என்பதனையும் சுருங்கக் கூறுவாம்.

பெயரை மாத்திரம் கொண்டு முடிவு செய்தலாகாது என்பது முதற்பாடம். லினக்ஸ் முறைமை தன்னுள் வைத்திருக்கும் குறும்பெயர் பதினைந்து எழுத்துக்கு மேற்பட்டதன்று. நீண்ட பெயர்கள் அங்கே வாலறுந்து நிற்கும். அன்றியும், ஒரு செயன்முறை தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளல் கூடும். கட்டளை வரியையும் திருத்தி எழுதல் கூடும். முறைமையின் உட்கருவுக்குரிய இழைகளை பி.எஸ். சதுர அடைப்புக்குள் இட்டுக் காட்டும். இதனை அறிந்த தீயோர், தம் நிரலுக்கும் அடைப்புக்குறியோடு பெயரிட்டு அவ்விழைகளின் நடுவே ஒளித்துவைப்பர். 2020ஆம் ஆண்டளவிற் பல சேவையகங்களில் நுழைந்து, பிறர் மின்சாரத்திலே தமக்கு நாணயம் ஈட்டிய களவு நிரலொன்று, உட்கருவுக்குரிய உண்மைப் பெயரொன்றின் இறுதியிலே ஓர் எழுத்தைக் கூட்டித் தன் பெயராக வைத்துக்கொண்டது. ஆக, அறியாத பெயரையுடைய எமது நிரல் நல்லது. அறிந்த பெயரைப் போன்றதையுடைய அந்நிரல் தீயது. பெயரைக் கண்டு அஞ்சினும் பிழை, பெயரைக் கண்டு நம்பினும் பிழை.

பின்னர் எதனை நம்புவது? உடையவர் யார், தாய் எது, எப்பொழுது தொடங்கிற்று, எந்தக் கோப்புறையில் நின்று இயங்குகின்றது, எந்த நிரற்கோப்பிலிருந்து பிறந்தது என்பனவற்றைச் சேர்த்து நோக்குதல் வேண்டும். புரொக் கோப்புறையில் ஒவ்வொரு செயன்முறை எண்ணுக்கும் ஒரு கோப்புறை உண்டு. அதிலுள்ள ‘எக்ஸி’ என்னும் இணைப்பு, பெயர் எவ்வாறு மாறினும், பிறந்த நிரற்கோப்பைச் சுட்டி நிற்கும். அக்கோப்பு அழிக்கப்பட்டிருப்பின் அதனையும் குறித்துக் காட்டும். உட்கரு இழையாயின் அவ்விணைப்பு எந்தக் கோப்பையும் சுட்டாது. அதன் தாய் எண் பெரும்பாலும் 2 ஆக இருக்கும். அடைப்புக்குறிப் பெயரோடு நின்று, தற்காலிகக் கோப்புறையிலுள்ள நிரலொன்றைச் சுட்டுமாயின், அது வேடதாரி என்று துணியலாம். பிறருடைய செயன்முறையின் இவ்விணைப்பைப் பொதுப் பயனர் படித்தல் இயலாது. தலைமைப் பயனர் படிக்கலாம். அதிகாரம் மிக்கவனுக்கே ஆராயும் வசதியும் மிகுதியாக அளிக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

இரண்டாம் பாடம், எண்ணும் நிலையானதன்று என்பது. லினக்ஸில் செயன்முறை எண்ணின் பழைய எல்லை 32,768. இன்றைய 64 பிற்றுக் கணினிகளில் 4,194,304 வரை உயர்த்தலாம். எல்லையை எட்டியதும் எண்ணிக்கை திரும்பவும் தொடங்கி, விடுபட்ட எண்கள் புதியவற்றுக்கு வழங்கப்படும். காலையில் தாளிற் குறித்த எண்ணுக்கு மாலையிற் சமிக்ஞை அனுப்பினால், அது வேறொருவரின் பணியைத் தாக்கல் கூடும். இக்குறையை நீக்கவே 2019இல் வந்த லினக்ஸ் 5.1 பதிப்பில், எண்ணையன்றிச் செயன்முறையையே பற்றிக்கொண்டு சமிக்ஞை அனுப்பும் வழி அமைக்கப்பட்டது. கையால் அனுப்புவோர்க்கு விதி எளிது: அனுப்புமுன் மீண்டும் ஒருமுறை பார்த்தல்.

மூன்றாம் பாடம், கட்டளையின் பெயரும் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது. ‘கில்ஓல்’ என்னும் கட்டளை லினக்ஸில், கொடுத்த பெயரையுடைய செயன்முறைகளை மாத்திரம் நிறுத்தும். சோலாரிஸிலோ, தலைமைப் பயனர் அதனை இட்டால், இயங்கும் யாவற்றையும் நிறுத்திக் கணினியையே மூடும் பொருட்டு அமைந்தது. ஓரிடத்துக் கற்றதை மற்றோரிடத்தில் கையேடு பாராமல் இயக்கினோன் அடையும் நட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இறுதியாக ஒன்று. பட்டியலில் ‘இசட்’ என்னும் குறியோடு சில செயன்முறைகள் நிற்பதுண்டு. அவை இறந்தவை, தாய்ச் செயன்முறை வந்து அவற்றின் முடிவைக் கேட்டறியும்வரை பெயர் மாத்திரம் பட்டியலில் எஞ்சி நிற்கும். இறந்ததை மீண்டும் கொல்ல முயன்று சலித்த மாணவர் பலர். ஆண்டு கேட்கப்பட வேண்டியது தாயே.

அடுத்த தவணைத் தொடக்கத்தில் ஆய்வுகூட விதிகளைத் திருத்தக் குழு கூடவிருக்கின்றது. மறைத்தல் என்னும் விதியை விடுத்து, மூன்று சிறு விதிகளை அக்குழு ஏற்றல் வேண்டுமென இம்மலர் வாயிலாக விண்ணப்பிக்கின்றோம். ஒருவர் பணியை நிறுத்துமுன், உடையவர் பெயரையும் முழுக் கட்டளை வரியையும் பொறுப்பாளன் குறிப்பேட்டில் எழுதுக. உடையவர் கல்லூரியைச் சார்ந்தவராயின், அவரைக் கேட்குமட்டும் நிறுத்தி வைத்தலன்றி அழித்தல் செய்யற்க. இரவிற் பணியை விட்டுச் செல்வோர், யாம் உட்பட, முந்துரிமையைக் குறைத்து, அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதிவிட்டுச் செல்க. அந்த ஒரு வரியை யாம் அன்று எழுதியிருப்பின் இக்கட்டுரைக்கே இடமிராது.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். நீவிர் அளித்த கணினிக்கு எம் நன்றி என்றும் உரியது. உங்களுட் பலர் கொழும்பிலும் பிறநாடுகளிலும் இத்துறையிலேயே தொழில் புரிகின்றீர்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒரு பிற்பகலை எம் ஆய்வுகூடத்திற்கு அளித்து, பிள்ளைகளோடு அமர்ந்து, பட்டியலின் ஒவ்வொரு வரியையும் இது யார், இது எதற்கு என்று கேட்டு விளக்குவீர்களாயின், அது மற்றுமொரு கணினியை அனுப்புவதினும் பெரிய உதவியாகும்.

அந்நானூறு பக்கங்களையும் மறுநாள் இரவு மீண்டும் ஓட்டினோம். இம்முறை முந்துரிமையைக் குறைத்து வைத்தோம், பலகையிலும் எழுதினோம். காலையில் யாம் ஆய்வுகூடத்துட் சென்றபொழுது அதே மாணவன் திரையின் முன் நின்றான். ரொப் திறந்திருந்தது; ‘சீ’ விசை அழுத்தப்பட்டிருந்தது. “சேர், முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில நிக்குது,” என்றான்.